ஆவடியில் ஏவுகணை பார்க்கப் போன சனிக்கிழமை

கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணையைப் பக்கத்தில் நின்று பார்க்க முடியுமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். முடியும். ஆவடிப் பக்கம் பொதுமக்களுக்குக் கண்காட்சி வைக்கிற நாளில் போனால் முடியும். நுழைவுக் கட்டணம் கிடையாது, ஆதார் அட்டை மட்டும் வேண்டும். இந்தப் பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை நான் போய்வந்தேன். வழக்கமாக ஒரு ஊருக்குப் போய்வந்தால் இரண்டு நாளில் எழுதிவிடுவேன். இதை எழுத நான்கு மாதம் ஆகிவிட்டது.

போகலாம் என்று கூப்பிட்டது என் அண்ணன் பாஸ்கர். அண்ணனூரில் ரயில்வே கார்ஷெட் பக்கம் குடியிருக்கிறார். எங்கேயும் போகாதவர், எதற்கும் ஃபோன் செய்யாதவர். அன்றைக்கு அவரே கூப்பிட்டார்.

“கலா, ஆவடில காட்டுறாங்களாம்மா. போஸ்டர் ஒட்டிக்கீறாங்கோ. அந்த வண்டியோட வருதாம்.”

“எந்த வண்டி?”

“அதான், நம்ம வண்டி.”

எனக்குப் புரிந்துவிட்டது. அண்ணியையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னார். எதற்கு என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

நான் இருப்பது ஐயப்பன்தாங்கல். அங்கிருந்து ஆவடிக்குப் பூந்தமல்லி வழியாகப் போவதுதான் சுலபம். காலை 7.40க்கு டெப்போ வாசலில் பஸ் ஏறினேன். பூந்தமல்லி ஆறு கிலோமீட்டர்தான். தலைக்கு மேலே மெட்ரோ தூண்கள் கூடவே வர, கீழே வண்டிகள் நகராமல் நிற்க, 8.15க்கு இறங்கினேன். பூந்தமல்லியில் ஆவடி பஸ்ஸுக்கு இருபது நிமிடம் நின்றேன். (பஸ் எண்ணைச் சொன்னால் அடுத்த மாதம் மாற்றிவிடுகிறார்கள். பலகையில் ஆவடி என்று பார்த்து ஏறுங்கள். சாதாரண பஸ் என்றால் பெண்களுக்கு டிக்கெட் இல்லை.) சென்னீர்குப்பம், காடுவெட்டி, பருத்திப்பட்டு ஏரி வழியாகப் பத்து கிலோமீட்டர். ஆவடியில் இறங்கும்போது 9.25. பதினாறு கிலோமீட்டருக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். நான் பார்க்கப் போன சாமான் ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் போகும். அதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று அங்கே போனதும் தெரிந்துகொண்டேன். இருபது நிமிடம், கிட்டத்தட்ட.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வழியெல்லாம் பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு வியாழக்கிழமையையே நினைத்துக்கொண்டு வந்தேன். அதைச் சொல்லாமல் இந்தப் பயணத்தைச் சொல்ல முடியாது.

அண்ணன் அப்போது அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் ஃபிட்டர். லாரிக்கு அடியில் வைத்துத் தூக்குகிற ஜாக் எல்லாருக்கும் தெரியும். எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்வது. அதையே பல மடங்கு பெரிதாக அங்கே செய்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏவுகணையைச் சுமக்கிற வண்டி ஓரிடத்தில் நின்றதும் ஆடாமல் தரையில் கால் ஊன்ற வேண்டுமாம். அந்தக் காலுக்கான ஜாக். எதற்காகச் செய்கிறோம் என்பதை வெளியே மூச்சுவிடக் கூடாது என்று சூப்பர்வைசர் சொல்லி வைத்திருந்தார்.

அந்த வியாழக்கிழமை சோதனை நடக்கும்போது எண்ணெய் போகிற ரப்பர் ஹோஸில் எங்கேயோ கசிவு. எங்கே என்று அண்ணன் இடது கையால் தடவிப் பார்த்திருக்கிறார். ஆள்காட்டி விரலில் சுருக்கென்றது. பார்த்தால் ஊசி குத்தினாற்போல் ஒரு புள்ளி, ரத்தம்கூட வரவில்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் விரல் மரத்துப்போனது. என் ஆபீஸ் இரண்டு தெரு தள்ளி. எனக்கு ஃபோன் செய்தார். ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். ஆட்டோவிலேயே நடந்ததையெல்லாம் என்னிடம் சொன்னார்.

“ஊட்ல நடந்துச்சுன்னு சொல்லச் சொன்னாருமா சூப்பர்வைசரு. கம்பெனின்னு சொன்னா எழுதுவாங்களாம், எழுதுனா விசாரணை வருமாம். நாட்டு ரகசியம்டா, உள்ள தூக்கி வெச்சுடுவாங்கன்றாரு. நீயும் யாராண்டயும் சொல்லாத. சத்தியம் பண்ணு.”

சத்தியம் செய்தேன். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. கால்சென்டரில் மாற்றி மாற்றி ஃபோன் எடுக்கிற எனக்கு ஒரு நாட்டு ரகசியம் தெரியும் என்ற பெருமை.

கிளினிக்கில் டாக்டர் எப்படி ஆச்சு என்று கேட்டார். அண்ணன் ஒரு நிமிடம் விழித்தார். பிறகு, “துணி காயப்போடுற கொடிக்கம்பி சார். கட்டும்போது குத்திடுச்சு” என்றார். துருப்பிடித்த கம்பியா என்று டாக்டர் கேட்டார், அண்ணன் ஆமாம் என்றார். ஒரு டெட்டனஸ் ஊசி, மூன்று நாளைக்கு மாத்திரை. நான் பக்கத்து நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முந்தைய நாள் சாயங்காலம்தான் அண்ணி கொடி கட்டித் தரச் சொல்லி அண்ணன் கட்டியிருக்கிறார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். வாயில் வந்தது அதுதான்.

மறுநாள் காலையில் கை முழங்கை வரை வீங்கி நிறம் மாறிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கேயும் காகிதத்தில் கொடிக்கம்பி என்றே எழுதினார்கள். கீறினார்கள், திரும்பக் கீறினார்கள், ஆறாவது நாள் மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு எங்கள் அம்மா, போகிற கல்யாணம், வருகிற காதுகுத்து எல்லாவற்றிலும் அண்ணியைக் காட்டி ஒரே பேச்சுதான். “ஒரு கொடி கட்டச் சொல்லி எம்புள்ள கைய வாங்கிட்டா.” மூன்று வருடத்துக்கு முன்னால் சாகிற வரைக்கும் சொன்னார். அண்ணி ஒரு தடவைகூட எதிர்த்துப் பேசியதில்லை. அவரும் அதையே நம்பினார். அந்த வீட்டில் இன்றைக்கும் கொடி கிடையாது. துணியெல்லாம் நாற்காலி முதுகிலும் ஜன்னல் கம்பியிலும் காயும்.

நான் ஆறு மாதம் கழித்து இணையத்தில் தேடிப் படித்தேன். அழுத்தத்தோடு எண்ணெய் உள்ளே போனால் என்ன ஆகும், முதல் சில மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்றெல்லாம். படித்ததை யாரிடமும் சொல்லவில்லை. கை போன பிறகு சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இந்தச் சனிக்கிழமை அண்ணனும் அண்ணியும் அண்ணனூரிலிருந்து ஒரே ஸ்டேஷன், ஐந்து ரூபாய் டிக்கெட்டில் வந்து ஆவடி ஸ்டேஷன் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். அண்ணன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. இடது கைப் பக்கம் நீளக்கை, பட்டன் போட்டு மூடியிருந்தார். மல்லிகா அண்ணி எஸ்டேட்டில் ஒரு துணி ஏற்றுமதிக் கம்பெனியில் தையல் வேலை. ஒரு சனிக்கிழமை லீவு போட வைத்துவிட்டாரே என்று அவருக்குக் கொஞ்சம் எரிச்சல்.

“ராக்கெட்டு பாக்கணும்னு என்னாத்துக்கு இந்த வயசுல ஆசை உங்கண்ணனுக்கு? கேட்டா சிரிக்கிறாரு.”

அண்ணன் அப்போதும் சிரித்தார். அன்றைக்கு அவர் முகம் நன்றாக இருந்தது. அண்ணியை அந்த வண்டி முன்னால் நிறுத்தி, உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வந்திருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. கை வீணாகப் போகவில்லை, பார் எதற்குப் போயிருக்கிறது என்று காட்டிவிட்டு, அப்புறம் சொல்லலாம் என்று.

ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோ, ஆளுக்கு இருபது ரூபாய். பத்தேகாலுக்குக் கேட்டில் இருந்தோம். பை, தண்ணீர் பாட்டில் எதையும் உள்ளே விடமாட்டார்கள், வெளியே டோக்கன் போட்டு வைக்க வேண்டும். ஃபோனுக்குத் தடையில்லை. உள்ளே கூட்டம் அதிகம். பள்ளிக்கூடப் பிள்ளைகள், குவார்ட்டர்ஸ் குடும்பங்கள், ஐ.டி. ஆட்கள். முதலில் டாங்கிகள், பிறகு பாலம் போடும் வண்டி. கடைசியில், மைதானத்தின் மேற்குக் கோடியில், அது.

படத்தில் பார்ப்பதற்கும் நேரில் பார்ப்பதற்கும் சம்பந்தமே இல்லை. மூன்று தண்ணீர் லாரியை வரிசையாக நிறுத்தினாற்போல் நீளம். ஒரு பக்கத்துச் சக்கரங்களை எண்ணினேன், ஏழு. மேலே பச்சை நிறத்தில் ராட்சதக் குழாய் படுத்திருந்தது. ஏவுகணை அந்தக் குழாய்க்குள் இருக்குமாம். இங்கே வைத்திருக்கிற குழாய் வெறும் மாடல்தான், உள்ளே ஒன்றும் இல்லை, வண்டி மட்டும் நிஜம் என்று பக்கத்தில் நின்ற இளம் எஞ்சினியர் சொல்லிக்கொண்டிருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு. ஒரு பலகையில் உலக வரைபடம், அது போய் விழக்கூடிய தூரத்துக்கு ஒரு சிவப்பு வட்டம். எனக்கு முன்னால் நின்றவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அந்த வட்டத்தைத் துழாவினார். பிறகு சந்தோஷமாகச் சொன்னார்: “எம்பையன் வேலை செய்யுற ஊரே வட்டத்துக்குள்ள வருது சார்!” யாரும் சிரிக்கவில்லை. எஞ்சினியர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

அண்ணன் வரைபடத்தைப் பார்க்கவில்லை. நேராக வண்டியின் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தரையில் ஊன்றியிருந்த ஜாக்கைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். எழுந்து வந்து எஞ்சினியரிடம் கேட்டார்.

“சார், இது அம்பத்தூர்ல செஞ்சதுதானே?”

“இந்த ஜாக்கா? இல்லைங்க ஐயா, இது வேற ஊர்ல இருந்து வருது. ஆரம்பத்துல இங்க சில சின்ன கம்பெனிக்காரங்க செஞ்சு பாத்திருக்காங்க. சோதனைலயே சரிவரல, விட்டுட்டாங்க.”

அண்ணன் சரி சரி என்று தலையாட்டினார். சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். “வா மல்லிகா, போலாம்” என்றார். அவர் சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்பியிருப்பார். நாங்களும் வெளியே வந்து மோர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம்.

அந்த நேரத்தில் ஒரு பெண், வண்டியில் ஹோஸுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த மஞ்சள் ஸ்டிக்கரைக் காட்டி இது என்ன என்று கேட்டார். ஒரு கை, அதன் நடுவே பாய்கிற ஒரு கோடு. எஞ்சினியர் ஆர்வமாகச் சொன்னார்.

“இந்த ஹோஸ்ல எண்ணெய் ரொம்ப அழுத்தத்துல ஓடும்மா. முடி அளவு ஓட்டை இருந்தாலும் போதும், எண்ணெய் தோலைத் துளைச்சு உள்ள போயிரும். அதனால கையால தடவிப் பாக்கவே கூடாது. வெளிய பாத்தா ஒரு புள்ளி மாதிரிதான் இருக்கும், வலிகூட அவ்வளவா இருக்காது. உள்ளேயே அழுகிரும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போயி எண்ணெய்னு சொல்லிட்டா, ஆபரேஷன் பண்ணி எடுத்துருவாங்க. பெரும்பாலும் கை தப்பிச்சுரும்.”

கூட்டம் நகர்ந்தது. அண்ணி நகரவில்லை. அந்த ஸ்டிக்கரைப் பார்த்தார். அண்ணனுடைய சட்டைக் கையைப் பார்த்தார்.

“ஏன் தம்பி, எண்ணெய்னு சொல்லாம கம்பி குத்திச்சுன்னு சொன்னா?”

“டாக்டருக்கு எப்படிம்மா தெரியும்? ஊசி போட்டு அனுப்பிருவாரு.”

அண்ணி அண்ணனிடம் திரும்பினார். இருபத்தோரு வருடக் கல்யாணத்தில் அவர் அண்ணனை நீங்கள் என்றுதான் பேசுவார்.

“அன்னிக்கு நீ எங்க இருந்த?”

அண்ணன் “கம்பெனில” என்றார். “இந்த ஜாக்கு மாதிரி ஒண்ணத்தான் டெஸ்ட் போட்டுகினு இருந்தோம்.”

“கொடிக்கம்பி?”

“முந்தின நாளு கட்டுனேன். அது குத்தல மல்லிகா.”

அண்ணன் அப்படியே பக்கத்தில் இருந்த தகரத் தடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். கை தப்பியிருக்கும் என்பது அவருக்கே அந்த நிமிடம்தான் தெரியும். எனக்குப் பதினொன்றரை வருடமாகத் தெரியும்.

“கலா, உனக்குத் தெரியுமா?”

“தெரியும் அண்ணி.”

“எப்போலேந்து?”

“அன்னைலேருந்தே.”

அறைவார் என்று நினைத்தேன். அறைந்திருக்கலாம். அவர் எஞ்சினியரிடம் மறுபடி திரும்பி, மிகவும் மரியாதையாக ஒன்று கேட்டார்.

“தம்பி, இதெல்லாம் ரகசியமா? வெளிய சொன்னா புடிச்சுட்டுப் போவாங்களா?”

அந்தப் பையனுக்குப் பாவம், ஒன்றும் புரியவில்லை. “இதுல என்னம்மா ரகசியம்? போர்டுலயே எழுதி வெச்சிருக்கோமே. ஃபோட்டோ எடுத்துக்கோங்க” என்றார்.

பலகையைப் பார்த்தேன். எத்தனை ஜாக், எவ்வளவு எடை தாங்கும், எண்ணெயின் அழுத்தம் எத்தனை, எல்லாம் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. இதையெல்லாம் மறைக்கச் சொல்லி சீருடை போட்ட யாரும் எந்தக் காலத்திலும் எங்கள் அண்ணனிடம் வந்ததில்லை. சொன்னது ஒரு சூப்பர்வைசர். கம்பெனிக்குள் விபத்து என்று ஒரு காகிதத்தில் பதிவாகிவிடக் கூடாது என்பது மட்டும்தான் அவருடைய ரகசியம். அதற்கு நாடு என்று பெயர் வைத்தார். நாங்கள் இரண்டு பேரும் பயபக்தியோடு வாங்கிக்கொண்டோம்.

பதினொன்றரை மணிக்கு வெளியே வந்தோம். ஸ்டேஷன் வரை அண்ணி எங்களுக்கு முன்னால் நடந்தார். ஆட்டோ கூப்பிடவில்லை. இரண்டு கிலோமீட்டர் இருக்கும், நல்ல வெயில். ஸ்டேஷனில் திருநின்றவூருக்கு ஒரு டிக்கெட் எடுத்தார். அவருடைய அக்கா வீடு அங்கே இருக்கிறது. அண்ணன் ஏதோ சொல்லப் போனார். “நீ ஊட்டுக்குப் போ. சோறு ஆக்கி வெச்சிருக்கேன், போட்டுத் துன்னு” என்றார் அண்ணி. வண்டி வந்ததும் ஏறிவிட்டார். நானும் அண்ணனும் எதிர் பிளாட்பாரத்தில் நின்றோம். அவர் என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார்: “மெய்யாலுமே தப்பிச்சிருக்குமா?” நான் தெரியாது என்று சொன்னேன். அன்றைக்கும் பொய்தான்.

ஒன்பதாவது நாள் அண்ணி அண்ணனூருக்குத் திரும்பி வந்தார். சேர்ந்துதான் இருக்கிறார்கள். வேலைக்குப் போகிறார், சமைக்கிறார், அண்ணனிடம் வேண்டிய அளவுக்குப் பேசுகிறார். நான் மூன்று முறை போனேன். மூன்றாவது முறை தண்ணீர் கொடுத்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே சொன்னார்.

“எங்கிட்ட இன்னாத்துக்குக் கேக்குற? உங்கம்மா யார் யார் முன்னாடியெல்லாம் என்னை அப்படிச் சொன்னாங்களோ, அவங்க ஊட்டுக்கெல்லாம் போ. போய் நடந்ததைச் சொல்லு. ஃபோன்ல இல்ல, நேர்ல.”

உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தோம், அண்ணன்தான் பெயர்களைச் சொன்னார். பதினோரு வீடு. கொரட்டூர், பட்டாபிராம், திருவொற்றியூர் என்று ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன். இதுவரை நான்கு முடிந்திருக்கிறது.

கண்காட்சிக்குப் போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியவை. திறக்கும் நேரம் பத்து என்றாலும் ஒன்பதே முக்காலுக்கு வரிசையில் நில்லுங்கள், பதினொரு மணிக்கு மேல் வெயில் தாங்காது. மைதானத்தில் நிழலே இல்லை, குடை உள்ளே விடுகிறார்கள். உள்ளே தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, டம்ளர் இல்லை. ஏவுகணை வண்டி கடைசியில் நிற்கிறது. அதை முதலில் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தால் நெரிசல் குறைவு. எங்கிருந்து வந்தாலும் ரயிலில் ஆவடி வருவதுதான் நல்லது, என்னைப் போல் பூந்தமல்லி வழி வராதீர்கள்.

இன்னொன்று, எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்கள் இதைப் படித்தால்: ஜேசிபியோ, பிரஸ்ஸோ, ஜாக்கோ, எதன் எண்ணெயாவது தோலைக் குத்தினால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வலிக்கவில்லை என்றாலும் போங்கள். எண்ணெய் என்று சொல்லுங்கள். கூடப் போகிறவர்களும் சொல்லுங்கள். டாக்டர் பேஷன்ட்டிடம்தான் கேட்டார், என்னிடம் கேட்கவில்லை என்று பிற்பாடு சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது. நான் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

ஒவ்வொரு வீடும் முடிந்த பிறகு அண்ணிக்கு ஃபோன் செய்கிறேன். போனேன், சொன்னேன் என்பேன். “சரி” என்று வைத்துவிடுவார். போன ஞாயிறு பட்டாபிராமில் பெரியம்மா வீடு. சொல்லி முடித்தேன். அவர் டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டு, “அப்படியா சொன்னா உங்கம்மா? எனக்கு ஒண்ணுமே நெனப்பில்லியே. அதெல்லாம் பழைய கதை, வுடு” என்றார். காபி கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

அன்றைக்கு அண்ணி ஃபோனை உடனே வைக்கவில்லை.

“இன்னா சொன்னாங்க?”

“பெரியம்மாக்கு ஒண்ணும் ஞாபகமே இல்லையாம் அண்ணி.”

மெஷின் சத்தம் நின்றது.

“எனக்கு ஞாபகம் இருக்குன்னு சொன்னியா?”

சொல்லவில்லை. பட்டாபிராமுக்கு இன்னொரு முறை போக வேண்டும்.